கோடை விடுமுறையில் ஹாஸ்கல்: காவேரிப்பட்டணம் நாட்குறிப்பு

மே 5

ஒருவழியாக இன்று மூன்று பேரும் உட்கார்ந்துவிட்டோம். நான், சித்தப்பா மகள், பக்கத்து வீட்டுத் தம்பி. தங்கை பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு முடித்திருக்கிறாள். தம்பி பிளஸ் டூ எழுதிவிட்டு அடுத்து என்ன படிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறான். நான் கணக்கு டியூஷன் எடுப்பவள். விடுமுறையில் பிள்ளைகள் வருவதில்லை, மாலை நேரம் முழுக்க என் கையில்.

ஹாஸ்கல் என்ற கணினி மொழியைக் கற்றுக்கொண்டு உருப்படியாக ஒரு புரோகிராம் எழுதிவிட வேண்டும் என்பது திட்டம். என்ன புரோகிராம் என்பதில் விவாதமே இல்லை. சித்தப்பாவின் மாங்காய் மண்டிக்கு எடைச்சீட்டு. பெங்களூரா மாங்காய் இறங்கத் தொடங்கிவிட்டால் அவர் இரவு பதினொரு மணி வரை கார்பன் தாள் வைத்து எழுதிக்கொண்டிருப்பார்.

"பைத்தான் ஈஸின்னு எல்லாரும் சொல்றாங்களே அக்கா, இது எதுக்கு?" என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. பதினொன்றாம் வகுப்பில் சார்பு படித்தோம் அல்லவா? 3 கொடுத்தால் இன்று என்ன விடையோ நாளையும் அதே விடை. ஹாஸ்கலில் ஃபங்ஷன் என்றால் அதுதான், வேறொன்றும் இல்லை. கணக்குப் பிடித்தவர்களுக்கு இது சொந்த ஊருக்குள் நுழைவது போல. ஹாஸ்கல் கரி என்ற தர்க்கவியலாளரின் பெயரைத்தான் மொழிக்கு வைத்தார்கள். 1990-ல் முதல் வரையறை வந்தது. எழுதிய புரோகிராமைச் சரிபார்த்து, கணினி ஓட்டும்படி மாற்றித் தருவது கம்பைலர். நாங்கள் இறக்கிய கம்பைலர் ஜிஎச்சி. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பிறந்ததால் பெயரின் முதல் எழுத்து அந்த ஊருக்கு. போன் ஹாட்ஸ்பாட்டில் அது இறங்கி முடிய ராத்திரியாகிவிட்டது.

மே 7

இரண்டே வரி. முதல் வரி சீட்டின் தலைப்பை அச்சிட வேண்டும், இரண்டாவது வரி ஊர்ப் பெயரை. இரண்டுக்கும் புட்ஸ்ட்ரிங்லைன் என்ற அச்சிடும் ஃபங்ஷன். முதல் வரியைத் தம்பி அடித்தான், அடுத்ததைத் தங்கை. ஓடவிட்டால் ஒரு பக்கத்துக்கு எரர்.

சாரம் இதுதான்: புட்ஸ்ட்ரிங்லைனுக்கு மூன்று உள்ளீடு கொடுத்திருக்கிறீர்கள், அது ஒன்றுதான் வாங்கும். நாங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒன்றுதானே கொடுத்தோம்? தங்கை அந்த வரியை மூன்று முறை அழித்து மூன்று முறை அதே மாதிரி அடித்தாள். ஒவ்வொரு முறையும் அதே எரர்.

கடைசியில் கர்சரை இரண்டாம் வரியின் தொடக்கத்தில் வைத்து வலது அம்புக்குறியை ஒருமுறை தட்டினேன். ஒரே தாவில் நான்கு இடம் போனது. முதல் வரியில் தட்டினால் ஒவ்வொன்றாக நகர்கிறது. தம்பி ஸ்பேஸ் நான்கு போட்டிருக்கிறான், தங்கை டேப் போட்டிருக்கிறாள். எடிட்டர் டேப்பை நான்கு இடமாகக் காட்டுவதால் கண்ணுக்கு இரண்டும் நேராகத் தெரிகின்றன. ஜிஎச்சிக்கோ டேப் என்றால் எட்டு. அதன் கணக்கில் இரண்டாம் வரி உள்ளே தள்ளி இருக்கிறது. உள்ளே தள்ளி இருந்தால் அது புது வரி இல்லை, முந்தைய வரியின் தொடர்ச்சி. ஆக, முதல் புட்ஸ்ட்ரிங்லைன் தன் தலைப்போடு, அடுத்த புட்ஸ்ட்ரிங்லைனையும் ஊர்ப் பெயரையும் சேர்த்து விழுங்கப் பார்த்திருக்கிறது. மூன்று உள்ளீடு! கம்பைலர் சொன்னது அட்சரசுத்தம்.

எரருக்கு மேலேயே, டேப் எழுத்து இங்கே இருக்கிறது என்று ஒரு எச்சரிக்கையும் வந்திருந்தது. எரர் சிவப்பில் இருந்ததால் அதை மட்டும் படித்தோம். எடிட்டரில் டேப்பை ஸ்பேஸாக மாற்றும் அமைப்பைப் போட்டுவிட்டோம். புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள், ஒரு மாலைப் பொழுது மிச்சமாகும்.

மே 10

இன்றைய வேலை ஒரு லோடில் ஒரு கிரேட்டின், அதாவது காய் நிரப்பும் பெட்டியின், சராசரி எடை. எடைகளின் கூட்டலை எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். சம் எடைகள் வகுத்தல் லெங்த் எடைகள். சம் என்றால் கூட்டல், லெங்த் என்றால் எண்ணிக்கை. பிழை வர இடமே இல்லாத ஒரு வரி என்றுதான் நானும் நினைத்தேன்.

எக்ஸ்பெக்டட் டைப் டபுள், ஆக்சுவல் டைப் இன்ட். அதாவது, இந்த இடத்தில் தசம எண்ணை எதிர்பார்த்தேன், முழு எண் வந்திருக்கிறது.

"கணக்குல 15-ம் 15.0-ம் ஒண்ணுதானே அக்கா?" தங்கை விடவில்லை. இன்னொன்றையும் கண்டுபிடித்தாள். லெங்த்துக்குப் பதிலாக நேரடியாக 15 என்று எழுதினால் பேசாமல் ஏற்றுக்கொள்கிறது. லெங்த் கொடுத்த 15 என்றால் மறுக்கிறது. உண்மைதான். நாம் கையால் எழுதும் 15-க்கு இன்னும் வகை முடிவாகவில்லை, தேவைப்பட்ட இடத்தில் டபுளாக நின்றுகொள்ளும். லெங்த் கொடுப்பது இன்ட் என்று முடிவாகிவிட்ட எண். ஹாஸ்கல் நம்மைக் கேட்காமல் ஒன்றை இன்னொன்றாக மாற்றாது.

நான் சொன்னது அவளுக்குப் பாதிதான் இறங்கியது. அந்த நேரம் டீ குடிக்க வந்த சித்தப்பா, என்ன சண்டை என்று கேட்டுவிட்டுச் சொன்னார்: "கிரேட்டை எண்ணணும்மா, காயை நிறுக்கணும். எண்ணுறது வேற, நிறுக்கிறது வேற. ரெண்டையும் கலந்தா கணக்கு உதைக்கும்." அவருடைய பழைய சீட்டுகளை எடுத்துப் பார்த்தோம். கிரேட் கட்டத்தில் புள்ளி வைத்த எண் ஒன்றுகூட இல்லை, எடைக் கட்டத்தில் புள்ளி இல்லாத எண் அபூர்வம். எத்தனையோ வருடமாக மண்டியில் இருக்கிற ஒழுங்கைத்தான் கம்பைலரும் கேட்கிறது.

லெங்த்தின் முன்னால் ஃப்ரம்இன்டெக்ரல் போட்டோம். எண்ணியதை நிறுத்ததோடு சேர்க்கிறேன், தெரிந்துதான் செய்கிறேன் என்று எழுதிக் கொடுப்பது போல அது. சராசரி 22.4 என்று வந்தது.

மே 12

காற்றும் மழையும். கரண்ட் இல்லை. தோப்பில் காய் நிறையக் கொட்டிவிட்டது. எல்லாரும் பொறுக்கப் போய்விட்டோம்.

மே 14

சின்ன விஷயம்தான், ஆனால் எல்லாரும் ஒருமுறை மாட்டுவது. எடைத் திருத்தம் செய்யும் ஃபங்ஷனுக்குத் தம்பி -2 கொடுத்தான். உள்ளீடு போதவில்லை போலிருக்கிறது என்று எரர். ஏழாம் தேதி அதிகம், இன்றைக்குக் குறைவு. அது -2 என்ற எண்ணாகப் படிக்கவில்லை, திருத்தத்திலிருந்து இரண்டைக் கழி என்று படித்திருக்கிறது. குறை எண் என்றால் அடைப்புக்குறிக்குள் போடுங்கள். தீர்ந்தது.

மே 19

இன்று நடந்ததை விரிவாக எழுதிவைக்க வேண்டும்.

கடைசியாக வந்த லோடு சீட்டில் மேலே வர வேண்டும், அதற்குப் பட்டியலைத் தலைகீழாக்க வேண்டும். தயாராக ரிவர்ஸ் இருக்கிறது, ஆனால் கற்றுக்கொள்ள நாமே எழுதுவோம் என்றேன். தங்கை எழுதினாள்: முதல் ஆளை எடு, மீதியைத் திருப்பு, அதன் பின்னால் முதல் ஆளை வை. யோசனை சரி. திருப்பிய மீதி, முக்காற்புள்ளி, எடுத்த ஆள் என்று எழுதினாள்.

அக்கர்ஸ் செக், கேன்னாட் கன்ஸ்ட்ரக்ட் த இன்ஃபினிட் டைப். முடிவில்லாத வகையைக் கட்ட முடியாது என்கிறது. முடிவில்லாத எதையும் நாங்கள் கேட்கவே இல்லை. தங்கை பேனாவை வைத்துவிட்டாள். இப்படி ஒரு செய்தி வந்தால், ஏதோ பெரிய தப்பு, இது நமக்கானது இல்லை என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதுதான் கவலை.

வாசலில் காலி கிரேட் அடுக்கியிருந்தது. அங்கே கூட்டிக்கொண்டு போனேன். முக்காற்புள்ளி என்பது, கையில் இருக்கும் ஒரு கிரேட்டை அடுக்கின் மேல் வைப்பது. இடப்பக்கம் ஒற்றைக் கிரேட், வலப்பக்கம் அடுக்கு. நீ எழுதியது, அடுக்கைத் தூக்கி ஒற்றைக் கிரேட்டின் மேல் வைக்கச் சொல்கிறது. கம்பைலர் நம்மை நம்பி, சரி, அந்தக் கிரேட்டே ஓர் அடுக்கு போல என்று கணக்குப் போட்டது. அப்படியானால் அடுக்குக்குள் இருப்பதும் அடுக்கு, அதற்குள் இருப்பதும் அடுக்கு. அதுதான் முடிவில்லாத வகை. அவள் முகம் தெளிந்தது. "அப்ப ரெண்டும் அடுக்கா இருக்கணும்" என்று அவளே சொல்லி, எடுத்த ஆளைச் சதுர அடைப்புக்குள் போட்டு ஒற்றை அடுக்காக்கி, இரட்டைக் கூட்டல் குறியால் இணைத்தாள். ஓடியது.

நான் அதோடு விடவில்லை. பழைய தவறையே திரும்ப எழுதச் சொல்லி, மேலே ஒரு வரி மட்டும் சேர்க்கச் சொன்னேன். அதுதான் சிக்னேச்சர்: திருப்பு என்பது இன்ட் பட்டியல் வாங்கி இன்ட் பட்டியல் கொடுக்கும். இப்போது வந்த எரர் வேறு. முடிவில்லாத எதுவும் அதில் இல்லை. முக்காற்புள்ளியின் இடப்பக்கத்தைக் காட்டி, இங்கே இன்ட் வேண்டும், பட்டியல் இருக்கிறது என்கிறது. வலப்பக்கத்தைக் காட்டி, இங்கே பட்டியல் வேண்டும், இன்ட் இருக்கிறது என்கிறது. இதைப் படித்தாலே திருத்தம் தெரிந்துவிடும். நம் எண்ணத்தைச் சொல்லாமல் விட்டால் அது ஊகித்துப் பார்க்கிறது, ஊகம் எங்கே முட்டுகிறதோ அங்கே கத்துகிறது. முட்டிய இடமும் தவறு நடந்த இடமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை.

இனி எந்த ஃபங்ஷனையும் சிக்னேச்சர் இல்லாமல் எழுதுவதில்லை என்று மூவரும் பேசிக்கொண்டோம்.

மே 25

தமிழில் அச்சிட ஆசை. பிரின்ட் போட்டு "மா" என்று கொடுத்தால் \2990\3006 என்று வந்தது. எழுத்து கெடவில்லை. 2990 என்பது ம, 3006 என்பது கால் குறியின் யுனிகோடு எண். பிரின்ட் உள்ளே ஷோ என்ற ஃபங்ஷனைக் கூப்பிடும், ஷோ இப்படித்தான் காட்டும். புட்ஸ்ட்ரிங்லைன் போட்டால் மா என்றே வருகிறது. தம்பியின் விண்டோஸ் கருப்புத் திரையில் மட்டும் இன்வேலிட் ஆர்கியுமெண்ட் என்று நின்றது. அந்தத் திரையை யுனிகோடுக்கு மாற்ற சிஎச்சிபி 65001 என்று அடித்த பிறகு வந்தது.

மாங்காய் ரகங்களைத் தமிழிலேயே டேட்டா வகையாக, அதாவது நாமே உருவாக்கும் வகையாக, எழுத முடியவில்லை என்பது எனக்கு வருத்தம்தான். அந்தப் பெயர்கள் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்பது மொழியின் விதி. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து ஏது? ரகப் பெயர்களை ஆங்கில எழுத்தில் வைத்துக்கொண்டு, தமிழ்ப் பெயர் தர ஒரு ஃபங்ஷன் எழுதினோம்.

கட்டங்கள் நேராக நிற்கவில்லை. நீலம் என்ற சொல்லுக்கு லெங்த் 5 என்கிறது, மல்கோவாவுக்கு 7. புள்ளியையும் குறிகளையும் தனித்தனியாக எண்ணுகிறது. டேட்டா.கேர் தொகுப்பில், ஓர் எழுத்து குறியா என்று சொல்லும் இஸ்மார்க் இருக்கிறது. அதை வைத்துக் குறிகளை வடிகட்டிவிட்டு எண்ணினால் 3, 4 என்று நம் கண் எண்ணுகிறபடியே வருகிறது. இதைத் தம்பி தானாகத் தேடி எடுத்தான்.

மே 31

இன்று மண்டியில் வைத்துப் பார்த்தோம். பர்கூர் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் டிராக்டரில் காய் கொண்டுவந்தார். பெரும்பாலும் செந்தூரா, கூடவே ஆறு கிரேட் மல்கோவா. தலைப்பு வந்தது, பெயர் வந்தது, எடை வந்தது, விலை வரியில் புரோகிராம் நின்றுவிட்டது. நான்எக்ஸாஸ்டிவ் பேட்டர்ன்ஸ். வந்த ரகத்துக்கு ஃபங்ஷனில் பதில் எழுதவில்லை என்று அர்த்தம். பெரியவர் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். சித்தப்பா ஒன்றும் சொல்லாமல் கார்பன் தாளை எடுத்துக் கையால் எழுதிக் கொடுத்தார். மனது கஷ்டமாகிவிட்டது.

காரணம் எளிது. மல்கோவாவை ரகப் பட்டியலில் போன வாரம்தான் சேர்த்தோம். விலை ஃபங்ஷனில் சேர்க்கவில்லை. கம்பைல் ஆகிவிட்டது, ஹாஸ்கல் கேட்கும்போதுதான் கணக்கிடும் என்பதால் அந்த வரி வரும்வரை எதுவும் தெரியவில்லை.

தம்பி உடனே ஒரு வழி சொன்னான்: கடைசியில் அடிக்கோடு போட்டு, மற்ற எந்த ரகமானாலும் விலை 0 என்று வைத்துவிடலாம். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அப்படி வைத்திருந்தால் இன்று புரோகிராம் நின்றிருக்காது, பெரியவரின் ஆறு கிரேட் மல்கோவா சும்மா போயிருக்கும். நின்றதே மேல். அடிக்கோடு போட்டால் அடுத்து ஒரு ரகம் சேர்க்கும்போதும் கம்பைலரால் நமக்குச் சொல்ல முடியாமல் போய்விடும்.

வீட்டுக்கு வந்து, கூடுதல் எச்சரிக்கைகளைக் காட்டச் சொல்லும் டபிள்யூஆல் என்ற கொடியைக் கம்பைலர் கட்டளையில் சேர்த்துக் கம்பைல் செய்தோம். விலை ஃபங்ஷனில் மல்கோவா விடுபட்டிருக்கிறது என்று ரகத்தின் பெயரோடு எச்சரிக்கை வந்தது. கேட்டிருந்தால் காலையிலேயே சொல்லியிருக்கும். இனி அந்தக் கொடி இல்லாமல் எதையும் மண்டிக்கு எடுத்துப் போவதில்லை.

ஜூன் 7

நேற்று மண்டியில் சீட்டு ஒழுங்காக வந்தது. மல்கோவா உட்பட.

இன்று கழிவு கழிக்கும் ஃபங்ஷனைத் தங்கை தனியாக எழுதினாள். நான் கீரை ஆய்ந்துகொண்டே பார்த்தேன். முதலில் சிக்னேச்சர். அப்புறம் பாதி வரி எழுதி, தெரியாத இடத்தில் ஓர் அடிக்கோட்டை வைத்துக் கம்பைல் செய்தாள். இந்த அடிக்கோடு வேறு, இது சமன் குறியின் வலப்பக்கம் வருவது. ஃபவுண்ட் ஹோல் என்று ஜிஎச்சி பதில் சொன்னது: இந்த ஓட்டையில் டபுள் ஒன்று வேண்டும், கைக்கெட்டும் தூரத்தில் இன்னின்னவை இருக்கின்றன. அந்தப் பட்டியலில் கிரேட் எண்ணிக்கையும் இருந்தது, மொத்த எடையும் இருந்தது. எண்ணிக்கை இன்ட், எடை டபுள். எடையை எடுத்து ஓட்டையில் வைத்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

சித்தப்பா வந்து, கமிஷனும் சீட்டிலேயே வந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்றார். தங்கை சிக்னேச்சர் எழுத, கமிஷன் என்று பெயரை அடித்து, அடுத்து வகையைச் சொல்ல இரட்டை முக்காற்புள்ளி வைத்து, அங்கேயே நிறுத்தினாள்.

"அப்பா, கமிஷன் நூத்துக்கு இவ்வளவுன்னு வாங்குவீங்களா, கிரேட்டுக்கு இவ்வளவுன்னா?"

"ரெண்டும் உண்டும்மா. ஆளைப் பொறுத்து."

இன்ட்டும் போதாது, டபுளும் போதாது. அதற்கென்று இரண்டு கிளை உள்ள ஒரு டேட்டா வகை வேண்டும். நாளை அதில் உட்கார வேண்டும்.