மஞ்சள் ஈக்காக ஒரு மாதம்

ஜூன் 3
இன்று 120 முட்டைகளுக்கு ஊசி போட்டேன். பழ ஈயின் முட்டை அரை மில்லிமீட்டர் நீளம்தான். ப்ளீச்சில் மேலோட்டைக் கழற்றி, கண்ணாடித் தகட்டில் வரிசை கட்டி, எண்ணெய் ஊற்றி, பின்முனையில் குத்த வேண்டும். டி.என்.ஏ.வை வெட்டும் காஸ்9 புரதமும், எங்கே வெட்டணும் என்று அதற்கு வழிகாட்டும் கைடு ஆர்.என்.ஏ.வும் உள்ளே போகும். அடுத்த தலைமுறைக்கான செல்கள் அந்த முனையில்தான் உருவாகும், அதுவும் முட்டை இட்ட சுமார் ஒன்றரை மணி நேரத்தில். அதற்குள் குத்தி முடிக்க வேண்டும். எனக்கோ ஊசி அடைத்துக்கொண்டே இருந்தது. முனையை உடைத்து உடைத்து, கடைசியில் கடப்பாரை மாதிரி ஆகிவிட்டது.

ஜூன் 5
41 புழுக்கள். மீதியெல்லாம் கடப்பாரைக்குப் பலி.

ஜூன் 15
19 ஈக்கள் தேறின. ஓர் ஆணின் முதுகு பாதி மஞ்சள், பாதி பழுப்பு. நான் குறிவைத்தது ‘யெல்லோ’ ஜீனை. அது கெட்டால் உடல் மஞ்சளாகும். கண்ணாலேயே தெரிந்துவிடுவதால், ஜீனை வெட்டும் புதுக் கருவி எது வந்தாலும் முதல் அடி இதற்குத்தான். 2002-இல் யூட்டாவில் துத்தநாக விரல் நொதி, 2013-இல் விஸ்கான்சினில் க்ரிஸ்பர், அதாவது நான் ஊசியில் போட்ட இதே காஸ்9 முறை.

முதுகு மஞ்சளானால் போதாது, விந்தணுவிலும் வெட்டு விழுந்திருக்க வேண்டும். அதைப் பார்க்க, ஏற்கெனவே மஞ்சளாக உள்ள கன்னி ஈக்களோடு தேறிய ஆண்களைத் தனித்தனி டியூபில் சேர்க்கணும். கன்னி என்றால் வெளிவந்து 8 மணி நேரத்துக்குள் பிடித்தாக வேண்டும். இரவில் 18 டிகிரியில் வைத்தால் வளர்ச்சி மெதுவாகும், கொஞ்சம் தூங்கலாம். “ஞாயித்துக்கிழமையும் ஈ ஓட்டிக்கிட்டு இருக்கியா?” என்று அம்மா போனில் கேட்கிறாள். என்ன பதில் சொல்ல?

ஜூன் 27
டியூபில் டஜன் கணக்கில் மஞ்சள் ஈக்கள்! சீனியர் அக்காவை இழுத்துவந்து காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, “எல்லாம் ஆம்பளையா இருக்கே?” என்றார். அவ்வளவுதான், என் முகம் சுருங்கிவிட்டது. யெல்லோ இருப்பது எக்ஸ் குரோமோசோமில். மகனுக்கு அது தாயிடமிருந்து மட்டுமே வரும். தாய் மஞ்சள், அதனால் மகனும் மஞ்சள். என் ஊசிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மகளுக்கு அப்பனிடமிருந்தும் ஓர் எக்ஸ் வரும்; அதுவும் கெட்டிருந்தால்தான் அவள் மஞ்சளாவாள். அதனால் மகள் மஞ்சளானால்தான் கணக்கு. அத்தனை மகள்களும் பழுப்பு.

ஜூன் 29
7-ஆம் டியூப். அப்பன் அந்தப் பாதி மஞ்சள்காரன்கூட இல்லை, முழுப் பழுப்பு. மயக்க வாயுத் தட்டில் தூரிகையால் ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டே வந்தேன். ஒன்று மட்டும் மஞ்சள்; வயிற்று நுனி கூர்மை, முன்காலில் ஆணுக்குரிய கறுப்புச் சீப்பு இல்லை. திருப்பிப் போட்டு மறுபடி பார்த்தேன். பெண்தான்.

அப்புறம் இன்னும் மூன்று. கால்கள் ஆட ஆரம்பித்துவிட்டன. எழுந்து பறப்பதற்குள் தனி டியூப் தேடணும்.