குழம்பு வேண்டாம் என்கிற பினாங்குப் பிள்ளைக்கு மதியச் சாப்பாடு

நாசி கண்டார் கடையில் வரிசையில் நின்று, கண்ணாடிக்குப் பின்னால் இத்தனை குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது, "அங்கிள், குழம்பு வேணாம், சோறு தனியா, கோழி தனியா" என்று சொல்லும் பிள்ளையைப் பெற்றவன் நான். எனக்குக் கோழிக் குழம்பு, மீன் குழம்பு, இறைச்சிக் குழம்பு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, 'பஞ்சிர்' (வெள்ளம்) என்று சொல்லிச் சோறு முங்கினால்தான் நாசி கண்டார். மகனுக்கு 8 வயது, தட்டில் ஒன்று இன்னொன்றைத் தொட்டால் இரண்டுமே வீண். மகளுக்கு 5 வயது, வெள்ளையாக இருப்பது மட்டும் சாப்பாடு: சோறு, தோசை, தாவ்ஹு (டோஃபு), முட்டையில் மஞ்சளைச் சுற்றியிருக்கும் பகுதி. அதில் ஒரு கொத்தமல்லி இலை விழுந்துவிட்டால் அன்றைக்கு ஊரே கூடும்.

பள்ளி நாட்களில் இதெல்லாம் என் காதுக்கு வராது. எனக்குப் பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட். காலை 8 மணிக்கு ஆயர் ஈத்தாம் வீட்டுக்கு வந்து விழுந்தால் 12 மணிக்குத்தான் எழுவேன். மனைவிக்குப் பகல் வேலை. அத்தை எங்களோடு இருக்கிறார், பிள்ளைகளை நன்றாகப் பார்த்துக்கொள்வார், ஆனால் முட்டி வலியால் அடுப்படியில் நிற்க முடியாது. ஆகவே விடுமுறை வந்தால் மதியச் சமையல் என் தலையில். 12 மணிக்கு எழுந்து, பாதிக் கண்ணைத் திறந்து, 12:45-க்குத் தட்டு வைக்க வேண்டும். சுங்கை பட்டாணியில் இருக்கும் என் தங்கைக்கு இந்தத் தலைவலி ஒருநாள் முன்னதாகவே தொடங்கிவிடும், அது கெடா மாநிலம், அங்கே வார விடுமுறையே வெள்ளியும் சனியும் ஆயிற்றே. வெள்ளிக்கிழமை காலையிலேயே "இன்னைக்கு என்னாண்ணே சமைக்கப் போற?" என்று கேட்டுவிடுவாள், நான் நாளைக்குத்தானே சமைக்க வேண்டும் என்ற நிம்மதியில் பதில் சொல்வேன்.

போன விடுமுறையில் ஒரு பெரிய தப்பு செய்தேன். யாரோ சொன்னார்கள் என்று கேரட்டைப் பொடியாகத் துருவி தோசை மாவில் கலந்தேன். காய்கறியை மறைத்துக் கொடுங்கள் என்பது எல்லாரும் சொல்கிற யோசனைதானே. மகன் ஒரு விள்ளல் பிய்த்தான். வாயில் வைக்கவில்லை. எழுந்து சன்னல் பக்கம் போய் அதை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான். மெல்லிய ஆரஞ்சு இழை ஒன்று தெரிந்தது. "அப்பா, இதுல என்னா இருக்கு?" என்றான். "ஒண்ணும் இல்லடா, மாவு அப்படித்தான்" என்றேன். அதுதான் தப்பு, கேரட் இல்லை. அதற்கப்புறம் இரண்டு மாதம் தோசையைத் தொடவில்லை. இட்லியைக்கூடப் பிளந்து உள்ளே பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டான். சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரே பலகாரத்தையும் நானே கெடுத்தேன். இப்போது எதையும் மறைப்பதில்லை. கேரட்டைக் குச்சி குச்சியாக வெட்டிப் பச்சையாகவே தட்டின் ஓரத்தில் வைக்கிறேன், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி. நான்கு குச்சி வைத்தால் மூன்று போகிறது. வேகவைத்தால் தொடமாட்டான், பச்சையாக இருந்தால் கடிக்கிறான், ஏன் என்று கேட்காதீர்கள்.

அடுத்தது மைலோ விவகாரம். இரண்டு வாரமாக நான் என்ன வைத்தாலும் இரண்டு பேரும் கிளறிவிட்டு எழுந்து போனார்கள். சமையல் சரியில்லையோ என்று நானே சந்தேகப்பட ஆரம்பித்தேன். ஒருநாள் தூக்கம் கலைந்து 11:30-க்கே வெளியே வந்தால், அத்தை இரண்டு பேருக்கும் கப் நிறைய மைலோ, கூடவே கிரீம் கிராக்கர், அதை முக்கி முக்கித் தின்ன ஆளுக்கு ஒரு கரண்டி. "பசிக்குதுன்னு சொல்லுச்சுங்க மாப்பிள்ளை, பாவம்" என்றார். மாமியாரிடம் மைலோ பற்றி மருமகன் என்ன பேச முடியும்? மனைவியை விட்டுச் சொல்லவைத்தேன்: பள்ளியில் 10 மணிக்குத்தானே ஓய்வு, வீட்டிலும் அந்த நேரத்துக்கே கொடுத்துவிடலாமே என்று. பள்ளியில் மணியடிக்கும், வீட்டில் அடிக்க ஆள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். பசி என்ற ஒன்று இருந்தால் பாதி அடம் தானாகக் குறைகிறது.

சரி, சமையலுக்கு வருவோம். என் தூக்கத்துக்கு ஏற்றது மீஹூன் (அரிசி சேமியா) சூப். காலையில் வந்து சட்டையைக் கழற்றியதும் தோல் உரித்த கோழித் தொடை மூன்று, நசுக்கிய பூண்டு நான்கு பல், கட்டைவிரல் அளவு இஞ்சி, அரைத் தேக்கரண்டி வெள்ளை மிளகுத்தூள், உப்பு, முங்கத் தண்ணீர், எல்லாவற்றையும் ஸ்லோ குக்கரில் போட்டு 'ஹை'யில் வைத்துவிட்டுத் தூங்கப் போவேன். 12 மணிக்கு எழும்போது வீடு முழுக்க இஞ்சி வாசம். மீஹூனைச் சாதாரணத் தண்ணீரில் 15 நிமிடம் ஊறவைத்து, கொதிநீரில் அரை நிமிடம் காட்டி எடுத்தால் போதும், அதற்கு மேல் விட்டால் களியாகிவிடும். கோழியை முள்கரண்டியால் இழுத்தாலே நாராக வரும். இதன் நல்ல குணம் என்னவென்றால் பிரித்தும் சாப்பிடலாம், சேர்த்தும் சாப்பிடலாம். மகனுக்கு அறை பிரித்த தட்டு ஒன்று 6 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன், வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்த செலவுகளில் ஒன்று. ஓர் அறையில் மீஹூன், ஓர் அறையில் கோழி, சூப் தனியாகக் கப்பில். மகளுக்கு எல்லாமே வெள்ளை என்பதால் புகாரே இல்லை. எனக்கும் அத்தைக்கும் அதே சட்டியிலிருந்து ஒரு கிண்ணம், மேலே பொரித்த சின்ன வெங்காயம், டாவுன் சூப் (செலரி இலை), கிச்சாப்பில் (சோயா சாஸ்) நறுக்கிப் போட்ட சிலி பாடி மிளகாய். காரம் போடுவதற்கு முன்னால் பிள்ளைகள் பங்கை எடுத்துவிடுவது, நான் தனித்தனியாகச் சமைக்காமல் தப்பிக்கிற ஒரே வழி. பருப்பு வைத்தாலும் இதே கதைதான், தாளிப்பு கடைசியில், எங்கள் பாத்திரத்துக்கு மட்டும்.

முட்டை கிச்சாப் சோறு பற்றி நான் எழுதத் தேவையில்லை, இந்த நாட்டில் வளர்ந்த யாருக்கும் தெரியும். எண்ணெய் கொஞ்சம் தாராளமாக, முட்டையின் ஓரம் மொறுமொறுவென்று வர வேண்டும், சூடான சோறு, இனிப்புக் கிச்சாப் ஒரு தேக்கரண்டி. அதற்கு மேல் ஊற்றவிடாதீர்கள், அதில் உப்பும் சர்க்கரையும் நிறைய. பழைய சோற்றில் நாசி கோரேங் (வறுத்த சோறு) செய்பவர்கள் முந்தைய நாள் சோற்றை ஆறியவுடன் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். நம் ஊர் வெக்கையில் இரவு முழுக்க மேசைமேல் கிடந்த சோறு வயிற்றைக் கெடுக்கும், மறுபடி வறுத்தாலும் சரியாகாது.

சார்டின் டின் எப்போதும் இரண்டு மூன்று இருக்க வேண்டும். ஆயாம் பிராண்ட் டின்னைப் பார்த்துவிட்டு மகன் "கோழி படம் போட்டுட்டு உள்ள மீனா, ஏமாத்துறாங்க" என்றான், கேரட் தோசைக்கு அப்புறம் அவனுக்கு எல்லாமே சந்தேகம்தான். தேடிப் படித்துச் சொன்னேன். அல்ஃபிரட் குளூவே என்ற பிரெஞ்சுக்காரர் 1892-இல் சிங்கப்பூரில் தொடங்கிய கம்பெனி, லேபிளில் சேவல் இருந்ததால் மக்கள் அதைச் 'சாப் ஆயாம்' என்றே கேட்டு வாங்கினார்கள், அந்தப் பெயரே நின்றுவிட்டது. கதை கேட்ட தெம்பில் ஒரு வாய் தின்றான், பிடித்துவிட்டது. சாஸை வடித்துவிட்டு மீனை மட்டும் மசித்து, எலுமிச்சை பிழிந்து, ரொட்டியில் தடவி ஓரம் வெட்டிக் கொடுக்கிறேன். முள்ளை எடுக்க வேண்டாம், மெத்தென்று இருக்கும், சேர்த்து மசித்துவிடலாம், கால்சியம் அதில்தான். வடித்த சாஸ் வெங்காயம், மிளகாயோடு வதங்கி எங்களுக்குச் சம்பாலாகிவிடும். மகள் மட்டும் இன்னும் வரவில்லை. சிவப்பாம்.

காய்கறிக்கு மகனிடம் ஒரு வாதம் இருக்கிறது. சுகாதார அமைச்சின் 'சுக்கு சுக்கு செப்பாரோ' அவனுக்கு மனப்பாடம்: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது முட்டை, மீதி அரைப் பங்கு காய்கறியும் பழமும். "பழமும்னுதானே இருக்குப்பா, அப்போ அரைத் தட்டும் தர்பூசணி வச்சாலும் சரிதானே?" என்கிறான். வக்கீலாக்கலாம். வெள்ளரிக்காய், அவித்த மக்காச்சோளம், கேரட் குச்சி, இந்த மூன்றில்தான் எங்கள் வண்டி ஓடுகிறது. கங்கோங், சவி மாதிரிக் கீரையெல்லாம் எங்கள் தட்டில் இருக்கும், ஒரு சின்ன தண்டு அவர்கள் தட்டிலும் வைப்பேன், அது அப்படியே திரும்பி வரும், நான் தின்றுவிடுவேன். புதுப் பண்டம் ஒன்றைப் பிள்ளை ஏற்றுக்கொள்ள 10, 15 தடவைகூட அது கண்ணில் பட வேண்டியிருக்கும் என்கிறார்கள். நான் ஆறாவது கங்கோங்கில் இருக்கிறேன்.

"இன்னும் ஒரு வாய், ஒரே ஒரு வாய்" என்று துரத்துவதையும் நிறுத்திவிட்டேன். எலின் சட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் இதைப் பங்கு பிரித்துச் சொல்கிறார். என்ன சாப்பாடு, எப்போது, எங்கே என்பது பெற்றோர் பாடு. சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது பிள்ளை பாடு. எனக்கு இது வசதியாக இருக்கிறது, இரவு ஷிப்ட் முடித்தவனுக்குத் துரத்தத் தெம்பு ஏது. அத்தைக்குத்தான் மனசு கேட்கவில்லை. அவர் இத்தனை பிள்ளைகளை ஊட்டி வளர்த்தவர், "புள்ள பட்டினி கிடக்குது, இவரு தட்ட எடுத்துட்டுப் போறாரு" என்று மனைவியிடம் சொன்னதாகக் கேள்வி.

நேற்று 12 மணிக்கு எழுந்து வந்தால் சிங்கில் இரண்டு கப், அடியில் மைலோ இன்னும் காயவில்லை. அத்தை டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார், என்னைப் பார்க்கவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை. கப்பைக் கழுவி வைத்துவிட்டு, சாப்பாட்டை 1:30-க்குத் தள்ளிவிட்டு, இன்னொரு முக்கால் மணி நேரம் தூங்கினேன்.