பேட்ச்சில் இல்லாத வரி

மணலிப் பக்கம் உள்ள ஒரு கன்டெய்னர் யார்டின் நுழைவாயிலில் எங்கள் கேமராப் பெட்டி எடுத்த ஒரு படத்தை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதன் மேல்பாதியில் நீல வண்ணம் பூசிய ஒரு கன்டெய்னரின் கதவு இருக்கிறது. கீழ்ப்பாதியில், அதற்குப் பின்னால் வந்த டிரெய்லரில் இருந்த வேறொரு கன்டெய்னரின் துருவேறிய சிவப்புக் கதவு இருக்கிறது. கன்டெய்னரின் அடையாள எண் நான்கு எழுத்துகளும் ஏழு இலக்கங்களும் கொண்டது. கடைசி இலக்கம், முன்னால் உள்ள பத்தையும் வைத்துக் கணக்கிடப்படும் சரிபார்ப்பு இலக்கம். அன்று எழுத்துகள் ஒரு பெட்டியுடையவையாகவும் இலக்கங்கள் இன்னொன்றுடையவையாகவும் கலந்து வந்ததால் கணக்கு ஒத்துவரவில்லை, கேட் திறக்கவில்லை, வெயிலில் லாரிகள் வரிசையாக நின்றன. அந்தத் தவறுக்குக் காரணமான பேட்ச்சை, அதாவது நிரலில் செய்த மாற்றத்தை, மூன்று மாதங்களுக்கு முன் படித்துப் பார்த்து ஒப்புதல் கொடுத்தவன் நான்.

எங்கள் பெட்டிக்குள் ஓடுவது லினக்ஸ். கேமரா சென்சாரிலிருந்து படத்தை வாங்கி நினைவகத்தில் வைக்கும் டிரைவரை நாங்களே எழுதிப் பராமரிக்கிறோம். 1920க்கு 1080 அளவுள்ள ஒரு படத்துக்கு, புள்ளிக்கு இரண்டு பைட் வீதம், 41,47,200 பைட்டுகள் ஆகும். நொடிக்கு 30 படங்கள் வந்தால் ஏறத்தாழ 12 கோடியே 44 லட்சம் பைட்டுகள். இவ்வளவையும் லினக்ஸின் மையமான கர்னலிலிருந்து எண்ணைப் படிக்கும் செயலிக்கு நகலெடுத்துக்கொண்டே இருந்தால், சிறிய பிராசசருக்கு வேறு வேலை பார்க்க நேரம் இருக்காது. அதனால் எம்மேப் என்னும் அழைப்பின் மூலம், டிரைவர் வைத்திருக்கும் அதே நினைவகப் பக்கங்களைச் செயலியின் முகவரி வெளியிலும் தெரியும்படி செய்துவிடுகிறோம். நகல் எதுவும் கிடையாது. இருவர் பார்ப்பதும் ஒரே பக்கத்தைத்தான்.

இந்த வசதியிலேயே ஆபத்தும் இருக்கிறது. நகலெடுத்துக் கொடுத்தால், கொடுத்த பிறகு அது வாங்கியவருடைய பொறுப்பு. மேப் செய்து கொடுத்தாலோ, கடைசி ஆள் கண்ணை எடுக்கும்வரை அந்தப் பக்கங்களை வேறு எதற்கும் பயன்படுத்தக்கூடாது. அந்தக் கடைசி ஆள் யார் என்று டிரைவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

நான் ஒப்புதல் கொடுத்த பேட்ச் இதைத்தான் செய்ய முயன்றது. படம் வைக்கும் நினைவக இடமான ஒவ்வொரு பஃபருக்கும் ஓர் எண்ணிக்கை வைத்து, எம்மேப் செய்யும்போது அதை ஒன்று கூட்டி, மேப்பிங் மூடப்படும்போது ஒன்று குறைத்து, பூஜ்யமானதும் பஃபரை அடுத்த படத்துக்கு விட்டுவிடும். படிக்க அழகாக இருந்தது. கூட்டல் ஓரிடத்தில், கழித்தல் ஓரிடத்தில், ஒரே நேரத்தில் இருவர் அதை மாற்றாதபடி தடுக்கும் பூட்டும் சரியான இடத்தில். நான் இரண்டு குறிப்புகள் எழுதினேன்: ஒரு மாறியின் பெயர் தெளிவாக இல்லை, ஒரு பிழைப் பாதையில் பூட்டைத் திறக்கும் வரிசை மாறியிருக்கிறது. இரண்டும் திருத்தப்பட்டதும் சேர்த்துக்கொள்ளலாம் என்று எழுதிவிட்டேன்.

அதில் இல்லாத வரி எதுவென்றால், மேப்பிங் இரட்டிக்கும்போது கர்னல் அழைக்கும் ஓப்பன் என்னும் செயற்கூறு. ஒரு புராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல், ஃபோர்க் செய்து தன்னைப் போலவே ஒரு பிள்ளையை உருவாக்கும்போது, பெற்றவரின் மேப்பிங்குகள் பிள்ளைக்கும் பிரதியாகின்றன. அப்போது கர்னல் டிரைவரின் எம்மேப் செயற்கூற்றை மறுபடி அழைப்பதில்லை. டிரைவர் ஓப்பன் ஒன்றைப் பதிவு செய்திருந்தால் அதை மட்டுமே அழைக்கும். ஆனால் மூடும்போது இருவருக்குமே தனித்தனியாகக் குளோஸ் அழைக்கப்படும். இன்னொரு வழியிலும் இதே சிக்கல் வரும்: மேப்பிங்கின் நடுவில் ஒரு துண்டை மட்டும் செயலி விடுவித்தால், கர்னல் முதலில் அந்தப் பகுதியை வெட்டிப் பிரிக்கும், ஒரு மேப்பிங் பலவாகி, ஒவ்வொன்றும் தன் முறைக்கு மூடப்படும். ஓப்பன் இல்லாவிட்டால், ஒருமுறை கூட்டிய கணக்கைப் பலமுறை கழித்துவிடுவோம்.

பேட்ச் சேர்ந்த நாளில் எங்கள் செயலி ஃபோர்க் செய்யவே இல்லை. மூன்று மாதம் கழித்து, கடிகாரத்தைச் சரிசெய்யும் ஒரு வெளி நிரலைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓட்டுவதற்காக, செயலிக் குழுவினர் ஃபோர்க்கைச் சேர்த்தார்கள். அவர்கள் செய்தது முற்றிலும் முறையான காரியம். பிள்ளைப் புராசஸ் வேறு நிரலுக்கு மாறிய கணத்தில் அதன் பழைய மேப்பிங்குகள் மூடப்பட்டன, எண்ணிக்கை பூஜ்யமானது, செயலி இன்னும் படித்துக்கொண்டிருந்த பஃபருக்குள் சென்சார் அடுத்த லாரியை எழுதத் தொடங்கியது. கெட்டுப்போன படங்கள் எல்லாம் மணியின் பத்தாம் நிமிடம், இருபதாம் நிமிடம் என்ற கணக்கில் வருவதை உடன் பணிபுரியும் ஒருவர் கவனித்துச் சொல்லும்வரை, நாங்கள் நான்கு நாட்கள் சென்சாரையும் கேபிளையும் மாற்றிக்கொண்டிருந்தோம்.

எங்களிடம் பஃபர்கள் டிரைவரின் கையிருப்பிலேயே இருந்தன என்பதால் இரண்டு லாரிகள் கலந்ததோடு முடிந்தது. பூஜ்யமானதும் பக்கங்களைக் கர்னலின் பொது இருப்புக்கே திருப்பிக் கொடுத்திருந்தால், அவை வேறொரு புராசஸுக்குப் போய், அதன் தரவை எங்கள் செயலி படிக்கவும் எழுதவும் முடிந்திருக்கும். இதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

நினைவக மேப்பிங்கில் தவறுவது எங்களைப் போன்ற சிறிய குழுக்கள் மட்டுமல்ல. 2016 அக்டோபரில் திருத்தப்பட்ட டர்ட்டி கவ் என்னும் பிழை, படிக்க மட்டுமே உரிமையுள்ள கோப்பின் மேப்பிங்கில் எழுதவிட்டது. அதன் மூலம் சாதாரணப் பயனர் ஒருவர் கணினியின் முழு அதிகாரமான ரூட் உரிமையைப் பெற முடிந்தது. 2007இல் வந்த 2.6.22 பதிப்பு முதல் அது கர்னலில் இருந்தது. திருத்தத்தோடு, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய குறிப்பு என்னைப் பலமுறை யோசிக்க வைத்திருக்கிறது: இதே பிழையைப் பதினோரு ஆண்டுகளுக்கு முன் தானே சரிசெய்ய முயன்றதையும், ஐபிஎம் பெருங்கணினிகளின் எஸ்390 கட்டமைப்பில் எழுந்த சிக்கலால் அது திரும்பப் பெறப்பட்டதையும் அவர் அதில் வெளிப்படையாகச் சொல்கிறார். ஒரு திருத்தத்தை நீக்கும் பேட்ச்சைப் படிக்கும்போது, அது எதற்காக முதலில் வந்தது என்ற கேள்வியை விடாமல் கேட்க வேண்டும் என்று அதற்குப் பிறகே எனக்கு உறைத்தது. 2018இல், எந்த இடத்திலிருந்து மேப் செய்வது என்னும் ஆஃப்செட் கணக்கில் டிரைவர்கள் தொடர்ந்து தவறியதால், எம்மேப்பின் மையப் பகுதியிலேயே ஒரு பொது வரம்பு சேர்க்கப்பட்டது. அது நல்ல ஏற்பாடு. ஆயினும் மேலே ஒருவர் பார்த்துக்கொள்வார் என்று கீழே சரிபார்ப்பை எழுதாமல் விடும் பேட்ச்சுக்கு நான் ஒப்புதல் தருவதில்லை.

யார்டில் நடந்ததற்குப் பின், பேட்ச்சைத் திறக்கும் முன் பார்ப்பதற்கென்று ஒரு கோடு போட்ட நோட்டில் ஏழு சொற்களை எழுதி வைத்தேன். ஒரு மேப்பிங் பிறந்தபின் அதற்கு என்னென்ன நேரலாம் என்பதே அந்தப் பட்டியல்: ஃபோர்க், பாதி விடுவித்தல், முழுதும் விடுவித்தல், உரிமை மாற்றம், இடமாற்றமும் நீட்டலும், வேறு நிரலுக்கு மாறுதல், திடீர் மரணம். பச்சையும் சிவப்புமாகத் திரையில் தெரியும் வரிகள் மாறியவற்றை மட்டுமே காட்டுகின்றன. இந்த ஏழும் பெரும்பாலும் மாறாத வரிகளிலோ, எழுதவே படாத வரிகளிலோதான் ஒளிந்திருக்கின்றன.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது அந்த நோட்டு எனக்குப் பெரிதும் உதவியது. தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர், மின்சாரம் எப்போது வரும் என்று தெரியாது. அணி முழுதும் காத்திருந்த ஒரு பேட்ச் என் பார்வைக்கு வந்திருந்தது. கேமராவின் அளவுத்திருத்த அட்டவணையைச் செயலிகள் படிக்க மட்டும் முடியும்படி மேப் செய்து கொடுப்பது அதன் நோக்கம். மடிக்கணினியில் மிச்சமிருந்த சார்ஜில் ஒருமுறை படித்துவிட்டு, அதன் 38 வரிகளையும் நோட்டில் கையால் எழுதிக்கொண்டு கணினியை மூடினேன். மெழுகுவத்தி வெளிச்சத்தில் குனிந்து உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, “கண்ணு கெட்டுப்போகும், படுடா” என்று அம்மா இரண்டு முறை சொன்னார்.

கையால் எழுதும்போது எந்த வரியையும் தாண்டிப்போக முடியாது. எழுதும் உரிமையோடு யாராவது மேப் கேட்டால் மறுக்கும் வரி, பதினோராவது வரியாக, சரியாக இருந்தது. பட்டியலில் நான்காவது சொல்லுக்கு வந்ததும் பேனா நின்றது. முதலில் படிக்க மட்டும் என்று கேட்டு மேப் செய்துகொண்டு, பிறகு மேப்பிங்கின் உரிமையை மாற்றும் எம்புரொடெக்ட் அழைப்பால் எழுதும் உரிமையைக் கேட்டால் என்ன ஆகும்? சாதனக் கோப்பைப் படிக்கவும் எழுதவும் திறந்திருந்தால், ‘பின்னால் எழுத அனுமதிக்கலாம்’ என்று குறிக்கும் மேரைட் கொடி அந்த மேப்பிங்கில் அப்படியே இருக்கும். கர்னல் அந்தக் கொடியைப் பார்த்துச் சம்மதித்துவிடும். எழுதும் கொடியை மறுத்தால் போதாது, மேரைட் கொடியையும் நீக்க வேண்டும். அந்த ஒரு வரிதான் இல்லை.

அதே பக்கத்தின் ஓரத்தில் இன்னொன்றையும் குறித்தேன். அட்டவணை 6,000 பைட்டுகள். மேப்பிங்கோ 4,096 பைட் பக்கங்களாகவே போகும். இரண்டாவது பக்கத்தின் மீதி 2,192 பைட்டுகளில் என்ன இருக்கிறது? அட்டவணைக்கான இடத்தை, கர்னலுக்குள் நினைவகம் கேட்டு வாங்கும் பொதுவான அழைப்பான கேமெல்லாக்கில் வாங்கியிருந்தார்கள். அந்த மீதியில் முன்பு அங்கிருந்த கர்னல் தரவின் எச்சம் இருக்கலாம். முழுப் பக்கங்களாக வாங்கிப் பூஜ்யத்தால் நிரப்பித் தர வேண்டும்.

மின்சாரம் திரும்பிய நாளில் இரண்டையும் எழுதி அனுப்பினேன். எந்த வரிசையில் அழைத்தால் பாதுகாப்பு உடைகிறது என்று படிப்படியாக எழுதி, அதையே ஒரு சிறிய சோதனை நிரலாகவும் சேர்த்தேன். “இது தவறு” என்று மட்டும் எழுதினால் எழுதியவர் மனம் நோகும், காரணமும் புரியாது. உடைத்துக் காட்டினால் பேச்சு நிரலைப் பற்றியதாக மட்டும் நின்றுவிடும். அந்தப் பேட்ச்சை எழுதியவர் வியாசர்பாடியிலிருந்து வரும், பணியில் சேர்ந்து ஓராண்டே ஆன பெண். அவர் வீட்டில் தண்ணீர் முழுதும் வடியாத நிலையிலும், மூன்றாம் நாள் புதிய பதிப்பை அனுப்பிவைத்தார். மேரைட் கொடி நீக்கப்பட்டிருந்தது, பக்கங்கள் பூஜ்யமாக்கப்பட்டிருந்தன, என் சோதனையோடு ஃபோர்க்குக்கான சோதனை ஒன்றையும் அவரே எழுதியிருந்தார்.

மாதவரம் அலுவலகத்தில் அடுத்து சந்தித்தபோது அவர் என் நோட்டை வாங்கி அந்த ஏழு சொற்களையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். பிறகு, “அண்ணா, மேப்பிங் திறந்தே இருக்கும்போது சாதனத்தையே டிரைவரிலிருந்து கழற்றிவிட்டால்?” என்று கேட்டார். கோப்பு திறந்திருக்கும்வரை டிரைவர் மாட்யூலை, அதாவது கர்னலில் ஏற்றிய டிரைவர் நிரலை, நீக்க முடியாது என்பதை நான் தெரிந்து வைத்திருந்தேன். ஆனால் சாதனத்தை மட்டும் பிரிப்பதை அது தடுக்காது. பிரிக்கும்போது எங்கள் டிரைவர் எல்லா பஃபர்களையும் விடுவித்துவிடும், யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்காமல். நான் பேனாவை அவரிடமே கொடுத்தேன். எட்டாவது சொல் அவர் கையெழுத்தில் இருக்கிறது.