கல்லிடைக்குறிச்சித் தோப்பில் ஒரு ரை பீர்

நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து ஜங்ஷனில் இறங்கி, அங்கேயே செங்கோட்டை பாசஞ்சரைப் பிடித்துவிட்டேன். பிசான அறுவடை முடிந்த பங்குனி மாதம். சேரன்மகாதேவி தாண்டியதும் இரண்டு பக்கமும் தாள் மட்டும் நிற்கிற வயல்கள், களத்துமேட்டில் வைக்கோல் படப்பு, ரைஸ் மில் வாசல்களில் மலை மாதிரி உமி, எல்லாவற்றுக்கும் பின்னால் நீலமாகப் பொதிகை. கல்லிடைக்குறிச்சியில் இறங்கியபோது ஒன்பது மணிக்கே வெயில் உறைத்தது.

நண்பன் அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தான். வரும்போது ஓக் மரப் பீப்பாயில் ஊறிய ரை பீர் இரண்டு பாட்டில், ஒவ்வொன்றும் 750 மில்லி, துணிக்குள் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறான். "ஏல, உனக்காகத்தான் சுமந்துட்டு வந்தேன், ருசி பாத்து நீதான் தீர்ப்பு சொல்லணும்" என்றான். வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள், அங்கே வைத்துக் குடிப்பது சரியாக இருக்காது. தாமிரபரணியில் ஒரு குளியல் போட்டுவிட்டு, மத்தியானம் வீட்டில் சொதியும் இஞ்சிப் பச்சடியுமாகச் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் அவர்கள் தென்னந்தோப்பு பம்புசெட் ரூமுக்குப் போனோம். பத்தமடைப் பாயை விரித்து உட்கார்ந்தாயிற்று.

ரை என்றால் அகராதி பார்த்துச் சிலர் கம்பு என்று எழுதிவிடுகிறார்கள். கம்பு வேறு, இது வேறு. ரை குளிர்நாட்டுத் தானியம், கோதுமைக்குச் சொந்தம், ஜெர்மனி, போலந்து, ரஷ்யா பக்கம் கறுப்பு ரொட்டி சுடுவது இதில்தான். பவேரியாவில் 1516-ல் பீருக்கு வாற்கோதுமை, கசப்புக்குச் சேர்க்கிற ஹாப்ஸ் பூ, தண்ணீர் மட்டும்தான் என்று சட்டமே போட்டார்கள், அதில் ரைக்கு இடமில்லை. ரையில் பீர் காய்ச்சுவதில் இன்னொரு தொல்லையும் உண்டு. வாற்கோதுமைக்கு உமி இருக்கிறது, வெந்நீரில் ஊறவைத்து வடிக்கும்போது அந்த உமியே வடிகட்டியாக நிற்கும். ரைக்கு உமி ஒட்டியிருக்காது, பசைத்தன்மையும் அதிகம், அதனால் கூழாகி அடைத்துக்கொள்ளும். அதற்கு அவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? நெல் உமியைக் கலக்கிறார்கள்! காலையில் ரயிலில் பார்த்த அதே உமி. சுவையில் ஒன்றும் சேர்க்காது, சாறு இறங்க வழி மட்டும் விடும். இதைச் சொன்னதும் நண்பன் எழுந்துபோய் மூலையில் கிடந்த உமி மூட்டையிலிருந்து ஒரு கை அள்ளிவந்து பாயில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

பாட்டிலை ஐஸ் பெட்டியில் மணிக்கணக்கில் போட்டு வைத்திருந்தோம், அது எங்கள் தப்பு. ஊற்றியதும் பார்க்க அருமையாக இருந்தது, தேக்கு பாலிஷ் நிறம், விளக்குக்கு நேரே பிடித்தால் ஓரத்தில் மாணிக்கச் சிவப்பு, பழுப்பு நுரை விரல் கனத்துக்கு நின்றது. ஆனால் வாசனையே இல்லை. ஒரு வாய் குடித்தால் குளிரும் கசப்பும், அவ்வளவுதான். இந்த மாதிரி கனமான பீருக்கு 10 முதல் 13 டிகிரி வரை சூடு வேண்டும், ஐஸ் தண்ணீர்க் குளிரில் மணம் மேலே எழும்பாது. தம்ளரை அப்படியே வைத்துவிட்டுக் காத்திருந்தோம். நம் ஊர்ப் பங்குனிக்கு அந்த வேலையைச் செய்ய இருபது நிமிஷம் போதும்.

இரண்டாவது தடவை மோந்தபோது வேறு பீர். முதலில் வெனிலா, அப்புறம் தேங்காய். கொப்பரையை லேசாக வறுத்தால் வருமே, அந்தத் தேங்காய். தோப்புக்குள் இருப்பதால் வந்த பிரமை இல்லை, அமெரிக்க ஓக்கில் லாக்டோன் என்று ஒரு பொருள் உண்டு, அதன் வாசனையே அதுதான். போர்பன் விஸ்கியைப் புது ஓக் பீப்பாயில், உள்பக்கம் கரியாகும்படி எரித்த பிறகுதான் ஊறவைக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஒரு தடவை போர்பனுக்குப் பயன்பட்ட பீப்பாய் மறுபடி அதற்கு ஆகாது, பீர் காய்ச்சுகிறவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். அந்தக் கரியும் மிச்ச விஸ்கியும் பீருக்குள் இறங்குகின்றன.

தோப்பைப் பார்த்துக்கொள்கிற அண்ணாச்சி அப்போது தண்ணீர் திருப்பிவிட்டு வந்தார். திசையன்விளைப் பக்கத்துக்காரர், இளவயதில் பனையேறியவர். குடிப்பதில்லை. "மோந்து மட்டும் பாக்கேன், தாங்க" என்று தம்ளரை வாங்கி மூக்கருகில் வைத்துக் கண்ணை மூடினார். "விடிலியில பதனி காச்சுறப்போ அடிப்பிடிக்கும்லா தம்பி, அந்த வாசம் அடிக்கி. முத்தின கருப்பட்டி." நான் அரைமணி நேரமாகத் தேடிக்கொண்டிருந்த வார்த்தை அது. வெல்லப்பாகு, கேரமல், புகை என்று தனித்தனியாகக் குறித்து வைத்திருந்தேன், அவர் ஒரே பானைக்குள் வைத்துக் காட்டிவிட்டார்.

வாயில் வைத்தால் முதலில் அந்தக் கருப்பட்டிதான். நடுவில் ரை வருகிறது, மிளகு மாதிரி ஒரு காரல், கூடவே கஞ்சி போல ஒரு வழவழப்பு, நாக்கின் மேல் கனமாக உட்கார்கிறது. முடிவில் துவர்ப்பு. பீப்பாய் மரத்தின் டானின் அது. இங்கிலீஷில் எழுதுகிறவர்கள் இதை வாய் உலர்கிறது என்று ஒரு உணர்ச்சியாகத்தான் சொல்வார்கள். நமக்கு அது ஆறு சுவையில் ஒன்று, கொட்டைப்பாக்கிலும் வாழைப்பூவிலும் தெரிந்தது. துவர்ப்பைச் சுவையாக எடுத்துக்கொண்டால் இந்த பீரின் நியாயம் புரிகிறது, இனிப்பு வாயிலேயே தங்கிவிடாமல் துடைத்துவிட்டு அடுத்த வாய்க்கு இடம் விடுகிறது.

இனி தீர்ப்பு. பீர் போட்டிகளில் நடுவர்கள் பயன்படுத்தும் பிஜேசிபி தாளில் மொத்தம் 50 மதிப்பெண். நான் போட்டது: வாசனைக்கு 12-க்கு 10, தோற்றத்துக்கு 3-க்கு 3, சுவைக்கு 20-க்கு 16, வாயில் நிற்கும் கனத்துக்கு 5-க்கு 4, ஒட்டுமொத்தமாக 10-க்கு 7. ஆக 40. அந்தத் தாளின்படி 38 முதல் 44 வரை மிகச் சிறந்த பீர்.

குறைத்ததற்கு முக்கியக் காரணம் ஒன்று. ஓக் தூக்கல். மத்தியானம் சாப்பிட்ட சொதியில் இஞ்சி அளவாக இருந்தது, அதனால் தேங்காய்ப்பால் தெரிந்தது. கொஞ்சம் கூடியிருந்தால் இஞ்சிக் குழம்பு என்றுதான் பேர் வைக்க வேண்டும். இதில் ரைக்கு அதுதான் நடந்திருக்கிறது. இவ்வளவு கஷ்டப்பட்டு வடித்த தானியம், அதன் மிளகுக் காரல் நடுவில் கொஞ்ச நேரம் தலைகாட்டிவிட்டு மரத்துக்குப் பின்னால் போய்விடுகிறது. பீப்பாயிலிருந்து கொஞ்சம் முன்னதாக எடுத்திருந்தால் 45-ஐத் தொட்டிருக்கும் என்று மனசாரச் சொல்கிறேன். சாராயச் சூடும் தொண்டையில் கொஞ்சம் மிச்சம் நின்றது, 10 சதவீதத்துக்கு மேல் என்று லேபிளில் போட்டிருக்கிறது.

நண்பனுக்கு என் மார்க்கில் சம்மதம் இல்லை. அவன் 44 போட்டான், துவர்ப்புக்காகவே. இருட்டுகிற வரைக்கும் அதைப் பற்றியே பேசினோம், கடித்துக்கொள்ள அப்பளமும் ஒரு துண்டு உடன்குடிக் கருப்பட்டியும். இரண்டாவது பாட்டிலைத் திறக்கவில்லை. இவ்வளவு கனமான பீர் வருஷக்கணக்கில் தாங்கும், ஓக்கின் முரட்டுத்தனமும் அதற்குள் கொஞ்சம் அடங்கலாம். அண்ணாச்சி ஒரு மரப்பெட்டி எடுத்துவந்தார், அதில் பாட்டிலை நிமிர்த்தி வைத்து, வெயில் சூடு ஏறாமல் இருக்க கழுத்து வரைக்கும் உமியைக் கொட்டி, ரூமின் இருட்டு மூலையில் தள்ளிவைத்தோம். மார்கழியில் வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.