சித்தப்பா வைத்த சூப்

ரிட்டயர் ஆனதிலிருந்து சித்தப்பாவுக்கு அடுப்படி மேல ஒரு கண்ணு. போன ஞாயிறு மழை பிடிச்சதும் "இன்னிக்கு ஸ்வீட் கார்ன் சூப் என் பொறுப்பு"ன்னு அறிவிச்சுட்டார். சித்தி மறுபேச்சு பேசாம சீரியலைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்துட்டாங்க.

ஆரம்பம் என்னவோ நல்லாத்தான் இருந்தது. கார்ன்ஃப்ளவரைப் பச்சைத் தண்ணியில கரைச்சுத்தான் ஊத்தினார். கொதிக்கிறதுல மாவை அப்படியே கொட்டினா மேல வெந்து உள்ளே மாவாவே நிக்கும், அது தெரிஞ்சிருக்கு. நாலு கப் சூப்புக்கு ரெண்டு டேபிள்ஸ்பூன், அளவும் கச்சிதம். ஆனா ஊத்தின கையோட கரண்டியைத் தூக்கிப் பார்த்து, "என்னடா, தண்ணியா ஓடுது?"ன்னார்.

ஓடாம? கார்ன்ஃப்ளவர் 62 டிகிரி வாக்கில்தான் தண்ணியைக் குடிச்சு உப்பவே ஆரம்பிக்கும். நல்லா கெட்டிப்பட 90-ஐத் தாண்டணும். "மறுபடி கொதி வரட்டும் சித்தப்பா"ன்னேன். "நீ சும்மா இரு"ன்னு இன்னும் ரெண்டு. அப்புறம் இன்னும் ரெண்டு. மொத்தம் ஆறு, கடைசி ரெண்டும் குவிச்சு.

மாவு ரெண்டு மடங்கானா கெட்டி ரெண்டு மடங்கோட நிக்காது. உப்பின துகளெல்லாம், தீபாவளிக்கு முந்தின நாள் ஊருக்குப் போற பஸ் மாதிரி, நகர இடமில்லாம நெருக்கிக்கும். அடுப்புல இருந்தவரைக்கும் அது ஏதோ சூப் மாதிரி தெரிஞ்சது. கிண்ணத்துல ஊத்தி, போட்டோ எடுத்து, குடும்ப குரூப்புல போட்டு, அமெரிக்கா மகளுக்கு வீடியோ கால்ல காட்டி முடிக்கிறதுக்குள்ள ஆறிடுச்சு. ஆற ஆற ஸ்டார்ச் இறுகும். தம்பி கிண்ணத்தைக் கவுத்துக் காட்டினான். ஒரு சொட்டு விழலை. ஒரு கேரட் துண்டு மட்டும் பக்கவாட்டுல எட்டிப் பார்த்தது.

(பாட்டில் சாஸ்ல 415-ன்னு போட்டிருப்பாங்களே, கெட்டியாக்கறதுக்குச் சேர்க்கிற சாந்தன் கம், அதுக்கு இந்தத் தொல்லை கிடையாது. சூட்டுலயும் குளிர்லயும் கெட்டி பெருசா மாறாது. சித்தப்பாகிட்ட சொல்லலை. வாங்கிட்டு வந்துடுவார்.)

விளம்பர இடைவேளையில சித்தி எழுந்து வந்தாங்க. "ஏங்க, ஆறு ஸ்பூனுக்குப் பன்னெண்டு கப் தண்ணி வேணுமே"ன்னு கொதிநீரை ஊத்தி மத்தால கடைஞ்சாங்க. சட்டி மாறி குக்கர், குக்கர் மாறி சாம்பார் அண்டா. மிளகுத்தூள் டப்பா காலி. நாங்க நாலு பேர் குடிச்சும் தீராம மாடி வீட்டுக்கு ஒரு தூக்கு போச்சு.

மறுநாள் காலையில தூக்கைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்த மாடி வீட்டக்கா சித்தப்பாவைப் பார்த்துச் சொன்னாங்க: "கூழ் நல்லா இருந்துச்சு சார். மோர் மட்டும் நாங்களே ஊத்திக்கிட்டோம்."