பொங்கல் பானைக்கு முன்னால் நிற்கப் போகிறவர்களுக்கு

சூரியன் மகர ராசிக்குள் நுழையும் நாள் தை முதலாம் திகதி. அதனால்தான் பொங்கல் சில வருஷம் ஜனவரி 14, சில வருஷம் 15. திருகோணமலைத் தம்பலகாமத்தில் பல வயல்களில் பெரும்போக நெல் வெட்டு அதற்குப் பிறகுதான். ஆனாலும் முதல் நன்றி சூரியனுக்கே.

புது மண்பானையை முதல்நாளிரவே தண்ணியில் ஊறப் போடுங்கோ, இல்லாவிட்டால் நெருப்பில் வெடிக்கும். திருகோணமலையில் மழை முழுதாய் விட்டிருக்காது. ஈர முற்றத்தில் அடுப்புக்கல் புதைந்து பானை சரியும், அடியில் மணல் பரப்புங்கோ. எரிக்கிற பாளையும் பொச்சுமட்டையும் நனையாமல் இருக்கட்டும்.

முக்கால் பானைக்குத் தண்ணியும் பாலும் இருந்தால்தான் நுரை விளிம்பைத் தாண்டும். பொங்கிச் சரிந்ததும் மிஞ்சும் தண்ணியைக் கோலி வைத்துவிட்டு, இரண்டு கையாலும் அரிசியை அள்ளிப் பானையை மூன்று தரம் சுற்றி இடுங்கோ. 2 சுண்டு பச்சையரிசிக்கு அரைச் சுண்டு வறுத்த பயறு, அரைக் கிலோ சர்க்கரை.

அரிசி விரலில் மசிந்த பிறகே சர்க்கரை. முந்திப் போட்டால் எவ்வளவு எரித்தாலும் அரிசி விறைத்தே நிற்கும். பெரும்பாலான வீடுகளில் புக்கை கெடுவது இந்த இடத்தில்தான். தேங்காய் முதற்பால் கடைசியில், கொதித்தால் எண்ணெய் பிரியும். பிறகு கஜு, பிளம்ஸ் (உலர்ந்த திராட்சை), ஏலம்.

மறுநாள் பட்டிப்பொங்கல். மாட்டுக்கு ஒரு உருண்டை போதும், பாசத்தில் அள்ளி வைத்தால் வயிறு உப்பிச் சாகவும் கூடும்.