இது உங்க ஓசியா?

ஜனவரி 7, 2024, ஞாயிறு

மிக்ஜாம் புயல் வந்துபோய் ஒரு மாதம் ஆகிவிட்டது. பீரோவின் அடித்தட்டை இன்றைக்குத்தான் திறந்தேன். உள்ளே என்ன இருக்கும் என்று தெரிந்ததால்தான் இத்தனை நாள் திறக்கவில்லை.

வேளச்சேரியில் தரைத்தளம். முழங்கால் அளவு தண்ணீர் இரண்டு நாள் நின்றது. ஃபிரிட்ஜைத் தூக்கிக் கட்டிலில் வைத்தோம், படங்கள் நினைவுக்கு வரவில்லை. மொத்தம் 34 படங்கள், எல்லாம் மொட்டை மாடிகள். சின்டெக்ஸ் டேங்க், கொடிக்கயிறு, வடாம் காயும் வேட்டி, துருப்பிடித்த டிஷ் ஆன்டெனா. மேல்தட்டில் இருந்த 15 தப்பித்தன. கீழே 19 தாள்களும் ஒன்றோடொன்று ஒட்டி, பழைய தோசை அடுக்கு மாதிரி கிடந்தன.

அக்ரிலிக்காக இருந்தால் பிழைத்திருக்கும். அது காய்ந்தால் பிளாஸ்டிக். போஸ்டர் கலர் பத்து வருடம் கழித்துத் தண்ணீர் பட்டாலும் கரைந்து எழுந்து வந்துவிடும். என்னை மாதிரி அனிமேஷனில் பேக்ரவுண்ட், அதாவது பின்னணிக் காட்சி, வரைகிறவர்களுக்கு அதுதான் வசதி, ஈரத் தூரிகையால் ஓரத்தை எப்போது வேண்டுமானாலும் மிருதுவாக்கலாம். ஜப்பானிய அனிமேஷன் படமான டோட்டோரோவின் காட்டை வரைந்த கஸுவோ ஓகா நம்பியது போஸ்டர் கலரைத்தான். 2007-இல் டோக்கியோவின் தற்கால ஓவிய அருங்காட்சியகத்தில் அவருடைய பேக்ரவுண்ட் படங்களையே சுவரில் மாட்டி வைத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்துத்தான் நானும் போஸ்டர் கலர் வாங்கினேன். வேளச்சேரியில் இருக்கிறோம் என்பதை யோசிக்கவில்லை.

34-க்கும் ஸ்கேன் இருக்கிறது. அதுவரை சரி.

ஜனவரி 17, புதன்

காணும் பொங்கல். அம்மாவோடு ஈ.சி.ஆர். நெரிசலில் சிக்கி, பீச்சுக்குப் போகாமல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு வண்டியைத் திருப்பினேன். 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் இங்கே மணலில் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். படம் விற்றுச் சாப்பிட முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணி செய்து விற்றார்கள். வயிற்றுக்குத் துணி, படம் தன் இஷ்டத்துக்கு.

பதினோரு வருடமாக என் பாத்திக், ஐரோப்பியக் குழந்தைகள் சீரியலுக்குப் பின்னால் வருகிற காடும் சமையலறையும். ஒரு வித்தியாசம். பாத்திக் அவர்கள் கையில் பிறந்த கோலம். நான் வரையும் மரம் ஸ்டைல் கைடில் 14-ஆம் பக்கத்தில் ஏற்கெனவே இருக்கிறது. இலை எத்தனை கோணத்தில் வளைய வேண்டும் என்பதுவரை.

அம்மா பணிக்கரின் படங்களைப் பார்க்கவில்லை. வெளியே கருங்கல் சிற்பத்தின் மேல் உட்கார்ந்து கடலை தின்றாள். செக்யூரிட்டி எழுப்பிவிட்டார்.

ஜனவரி 30, செவ்வாய்

அடுத்த மாதம் காமிக்ஸ், அனிமே ரசிகர்களின் திருவிழாவான காமிக் கான் முதல்முறையாகச் சென்னைக்கு வருகிறது. டெல்லியில் 2011-இலேயே தில்லி ஹாட்டில் தொடங்கிவிட்டார்கள், நமக்குப் பதின்மூன்று வருடம் பிடித்தது. பக்கத்து சீட் தம்பி எடுத்திருக்கும் டேபிளில் பாதி எனக்கு.

ஆபீஸில் அனுமதி கேட்டு மெயில் போட்டேன். ஒப்பந்தப்படி கம்பெனி நேரத்தில், கம்பெனி டேப்லெட்டில் வரைந்த எதுவும் என்னுடையது இல்லை. அது நியாயம்தான். ஆனால் எச்.ஆர். கேட்டது வேறு: ஒவ்வொரு படமும் எந்தத் தேதியில், எந்தக் கருவியில் வரையப்பட்டது என்று பட்டியல். “கருவி: கேமல் 6-ஆம் நம்பர் பிரஷ்” என்று 34 வரி டைப் செய்தேன். இடம்: மொட்டை மாடி. 34 தடவை.

இரவு டைரஸ் வாங் பற்றி ஒரு கட்டுரை படித்துக்கொண்டிருந்தேன். 1938-இல் டிஸ்னியில் இன்பிட்வீனராகச் சேர்ந்தவர். பகலெல்லாம் இரண்டு முக்கியப் படங்களுக்கு நடுவே வருகிற நூறு கோடுகளைப் போடுகிற வேலை. மான்குட்டியின் கதையான ‘பாம்பி’ படம் தயாராவது தெரிந்ததும் வீட்டில் உட்கார்ந்து, சீன நிலக்காட்சி மாதிரி, பனிமூட்டத்தில் கரையும் காட்டில் சின்னதாக ஒரு மான் வரைந்துகொண்டு போய்க் காட்டினார். முழுப் படத்துக்கும் அதுவே தோரணையானது. 1941 வேலைநிறுத்தத்துக்குப் பின் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள், 1942-இல் படம் வந்தபோது டைட்டிலில் பேக்ரவுண்ட் ஆட்களில் ஒருவர். 2013-இல் சான் பிரான்சிஸ்கோவில் டிஸ்னி குடும்ப அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தபோது வயது 102.

எனக்கு இன்னும் 66 வருடம் இருக்கிறது.

பிப்ரவரி 8, வியாழன்

ராயப்பேட்டை பிரிண்டிங் கடை. திரையில் இருந்த சாயங்கால நீலம் தாளில் கத்தரிக்காய் நிறமாக வந்தது. கடை அண்ணன் அலட்டிக்கொள்ளவே இல்லை. “ஸ்க்ரீன்ல லைட்டு எரியுதும்மா. பேப்பர்ல எது எரியும்?” மஜென்டாவைக் குறைத்து மூன்று டெஸ்ட் போட்டோம். 300 ஜி.எஸ்.எம். மேட் தாளில் ஏ3 இருபது, ஏ4 நாற்பது. ஸ்டிக்கர் ஷீட் அடிக்கச் சொல்லித் தம்பி வற்புறுத்தினான். சின்டெக்ஸ் டேங்க் ஸ்டிக்கரை யார் வாங்குவார்கள் என்று தெரியவில்லை. அடித்தாயிற்று.

பிப்ரவரி 17, சனி

நந்தம்பாக்கம் டிரேட் சென்டர். பத்து மணிக்கே அனிமே நாயகன் நருடோ வேஷம் போட்டவர்களின் கூட்டம். அட்டையில் செய்த இரண்டு ஆள் உயரக் கத்தியோடு ஒரு பையன் கதவில் மாட்டிக்கொண்டான், அவன் அப்பா பின்னால் முனையைப் பிடித்துச் சாய்த்துத் திருப்பிக் கொண்டுவந்தார், பீரோ ஏற்றுகிற மாதிரி.

தம்பியின் பக்கம் லூஃபி, கோகு, கூடவே வேட்டி கட்டிய ஸ்பைடர்மேன். அவனுக்கு மூச்சுவிட நேரமில்லை. என் பக்கம் வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வி கேட்டார்கள்: “இது எந்த அனிமே?” எங்க வீட்டு மாடி என்றால் முகத்தில் சின்ன ஏமாற்றம். சீசன் எத்தனை என்று கேட்க முடியாதே.

மத்தியானம் ஒரு பள்ளிக்கூடப் பெண், தலையில் பச்சை விக். துணி காயும் படத்தையே ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

“அக்கா, இது உங்க ஓசியா?”

எனக்குப் புரியவில்லை. அவளுக்குப் பின்னால் நின்ற பெரியவருக்கு உடனே புரிந்தது. “ஓசியா? அப்ப ரெண்டு எடுத்துக்கறேம்மா.”

தம்பி சிரித்துச் சிரித்துக் கல்லாப்பெட்டியைத் தட்டிவிட்டான். அவர்கள் பாஷையில் ஓ.சி. என்றால் ஒரிஜினல் கேரக்டர், எந்தத் தொடரிலும் இல்லாமல் தானே உருவாக்கிய ஆள். அந்தக் கொடியில் தொங்கும் நைட்டியைத்தான் கேரக்டர் என்று நினைத்திருக்கிறாள். யோசித்தால் அவள் சொன்னதில் தப்பே இல்லை, அது அம்மாவின் நைட்டி. பெரியவருக்கு ஒன்று ஓசியாகவே கொடுத்தேன்.

நம்முடைய ஓசிக்கு ஒரு கதை சொல்வார்கள். கம்பெனிக்காரன் காலத்தில் தபால்தலை இல்லாமல் போகிற கடிதத்தில் ‘ஆன் கம்பெனி சர்வீஸ்’ என்று முத்திரை குத்துவார்களாம், அதன் சுருக்கமாம். நிஜமோ பொய்யோ, கதவில் மாட்டிய கத்தி மாதிரி மண்டைக்குள் மாட்டிக்கொண்டது. திங்கள் முதல் வெள்ளி வரை நான் வரைவது அந்த ஓ.சி. சனிக்கிழமை இந்த ஓ.சி.

பிப்ரவரி 18, ஞாயிறு

இன்று தீர்ந்தது சின்டெக்ஸ் டேங்க் ஸ்டிக்கர். முழுவதும். தம்பி “சொன்னேன்ல” என்று பதினாறு தடவை சொன்னான். ஏ3 ஏழுதான் போனது. கால் வலி.

பிப்ரவரி 26, திங்கள்

காமிக் கானில் வாங்கிய யாரோ காட்டியிருக்கிறார்கள், நுங்கம்பாக்கத்தில் சின்ன கேலரி வைத்திருக்கும் மேடம் கூப்பிட்டார். குழுக் கண்காட்சி, ஏழு பேர், எல்லோரும் அனிமேஷன், கேம் வேலை. விற்றால் நாற்பது சதவீதம் அவர்களுக்கு.

போனேன். பிரிண்டை நகத்தால் நீவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஒரிஜினல் எங்கே?”

அங்கே எந்த அனிமே, இங்கே எங்கே ஒரிஜினல். தப்பித்த 15-ஐக் காட்டினேன். தலையாட்டினார். பிறகு பையின் அடியில் செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்ததைத் தானே எடுத்துப் பிரித்தார். பிரித்தெடுத்த 19-இல் முழுசாக வந்த மூன்று. நீலம் வழிந்து, கொடிக்கயிறு இருந்த இடத்தில் பழுப்பாக ஒரு தண்ணீர்க் கோடு. அவர் குரல் மாறியது. “இதுதான். இதை மாட்டலாம்.”

அது நான் வரைந்தது இல்லை மேடம், பள்ளிக்கரணைத் தண்ணி வரைஞ்சது என்றேன். இன்னும் பிடித்துவிட்டது அவருக்கு. எழுதிக்கொண்டார். ஒன்று மட்டும் மாட்டச் சம்மதித்தேன். மற்ற இரண்டையும் திரும்ப எடுத்து வந்தேன். ஏன் அந்த ஒன்றுக்குச் சம்மதித்தேன் என்று பஸ்ஸில் கேட்டுக்கொண்டு வந்தேன். 18,000 ரூபாய் என்று அவர் சொன்னதுதான், வேறென்ன.

மார்ச் 9, சனி

திறப்பு. சான் பிரான்சிஸ்கோவின் ஆசிய ஓவிய அருங்காட்சியகம் பிக்ஸார் அனிமேட்டர் சஞ்சய் படேலின் பிள்ளையார்களையும் ராமாயணத்தையும் மாட்டி வைத்த கதையை ஒருவர் மைக்கில் சொன்னார். அந்தக் கதை எங்கள் ஏழு பேருக்கும் மனப்பாடம். எல்லோரும் முதல்முறை கேட்கிற மாதிரி நின்றோம்.

அம்மா பட்டுப்புடவையில் வந்து ஒவ்வொரு படமாக நிதானமாகப் பார்த்தாள். தண்ணீர்ப் படத்தின் பக்கத்தில் சிவப்பு ஸ்டிக்கர்.

“யாருடி இதுக்குப் பொட்டு வச்சது?”

வித்தாச்சும்மா.

“இதுவா?” குரலைத் தாழ்த்தினாள். “நல்லா இருக்கறதெல்லாம் அப்படியே இருக்கே.”

அவள் காட்டிய பக்கம் என் நான்கு படங்கள், பொட்டில்லாமல். வாங்கியவர் வந்து கைகுலுக்கினார். அந்த நீலம் எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார். ஈரத்தில் வேலை செய்தேன் என்றேன். பொய் இல்லை.

மார்ச் 11, திங்கள்

நரி சீரியலுக்கு ஆறு வானம். ஒன்று திரும்பி வந்தது: மேகம் ரெஃபரன்ஸை விட்டு விலகியிருக்கிறதாம். பார்த்தால் உண்மைதான், நம்ம ஊர் நாலு மணி மேகம். திருத்தி அனுப்பினேன். திருத்தாததையும் வைத்துக்கொள்ளலாம் என்று கை போய், நிறுத்திவிட்டேன். அது கம்பெனியுடையது.

வீட்டுக்கு வந்தால் கூடத்தில் நீலப் பிளாஸ்டிக் டிரம், இறுக்கமான மூடி. அம்மா மளிகைக் கடையில் சொல்லி வாங்கியிருக்கிறாள். படங்கள் இனி இதில், டிரம் பரண் மேல். உள்ளே பெருங்காய வாசனை மண்டையைப் பிளக்கிறது. கழுவி, மூன்று நாள் வெயில் காட்டச் சொன்னேன். இப்போது மாடியில் டேங்குக்குப் பக்கத்தில், வாயைத் திறந்துகொண்டு கவிழாமல் இருக்க ஒரு செங்கல் முட்டுக்கொடுத்து நிற்கிறது. காலை ஏழு மணி வெயில் அதன் உட்பக்கம் மட்டும் விழும். நாளைக்கே வரைந்துவிட வேண்டும், அம்மா இடத்தை மாற்றுவதற்குள்.